வெட்டரிவாள் தெரிந்தெடுக்கும் முறை

மோட்டார் பம்பு வாங்க எண்ணும் குடியானவர் நான்கு ஊர்களில் விசாரித்து, முன்பே வாங்கியவர்களின் அனுபவத்தையும் கேட்டறிந்த பின்னரே பணத்தை எடுக்கிறார். வெட்டரிவாள் வாங்கும்போது இவ்வித விசாரணை எதுவும் நடப்பதில்லை. சந்தையில் தொங்குவனவற்றுள் ஒன்றை எடுத்து, வாயிலே கட்டைவிரலை ஓட்டிப் பார்த்து, விலையைப் பேசி முடித்துவிடுவதே வழக்கமாயிருக்கிறது. ஆயினும் வருஷம் முழுவதும் கையை விட்டகலாத கருவி இதைப்போல் வேறொன்றில்லை. வேலி கழித்தல், தென்னை மட்டை அரிதல், தழையுரத்துக்காகப் புங்கு, கிளைரிசிடியா முதலியவற்றின் கிளைகளைத் தறித்தல், வாழைத்தார் இறக்குதல், வாய்க்கால் கரையில் மண்டிய சீமைக் கருவேலை வெட்டுதல், மழைக்காலத்தில் வழியில் விழுந்த மரத்தை அப்புறப்படுத்தல் ஆகிய எல்லாவற்றுக்கும் இதுவே உதவுகிறது.

இக்கருவி கெடும் விதங்கள் மூன்று. ஒன்று, வாய் மடங்கிப் போதல். இரண்டாவது, வாய் சில்லு சில்லாகத் தெறித்தல். மூன்றாவது, அலகு அடியில் ஒடிந்தோ பிடியிலிருந்து கழன்றோ பறந்துவிடுதல். முதற்குற்றம் வேலையைக் கெடுக்கும். மற்ற இரண்டும் ஆளைக் கெடுக்கும். தெறித்த சில்லு கண்ணில் பாய்ந்தால் பார்வை போய்விடும். ஓங்கிய வேகத்தில் கழன்ற அலகு எதிரே நிற்பவரையோ வெட்டுபவரின் காலையோ தாக்கும். இதில் மற்றொரு விசேஷமும் உண்டு. அரிவாளை வாங்குபவர் நிலத்துக்குடையவர். பிடிப்பவரோ பெரும்பாலும் கூலிக்கு வந்த ஆள். சில ரூபாய் மிச்சம் பிடித்தவருக்கு அம்மிச்சத்தினால் வரும் அபாயம் நேர்வதில்லை. ஆதலால் வாங்குபவர் தம் கையில் அது இருக்கப்போவதாகவே எண்ணி வாங்குதல் நியாயம்.

வாயின் கூர்மை எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைச் சந்தையில் எல்லாரும் கேட்கிறார்கள். அலகு பிடிக்குள் எப்படிப் பொருந்தியிருக்கிறது என்பதை ஒருவரும் கேட்பதில்லை. கூர் போனால் சாணைக்கல் இருக்கிறது. ஒடிந்த அடியைச் சரிப்படுத்த வழியில்லை. ஆகவே பிடிக்குள் மறைந்திருக்கும் பாகத்தை முதலிலும், எஃகின் தன்மையை அடுத்தும், வெளித்தோற்றத்தைக் கடைசியிலும் கவனிப்பதே சரியான வரிசையாகும்.

வாலும் பிடியும்

அலகிலிருந்து நீண்டு பிடிக்குள் செல்லும் இரும்பு, வால் எனப்படும். இது மூன்று விதமாய் அமைவதுண்டு. பிடியின் அகலமும் நீளமும் எவ்வளவோ அவ்வளவுக்கும் பட்டையாகச் சென்று, இருபுறமும் மரச்சில்லு வைத்து ஆணியறைந்தது முழுவால். குறுகிக் கம்பி போலாகி மரப்பிடியின் நடுவே செல்வது ஊசிவால். அலகின் அடியையே குழாயாகச் சுருட்டி அதனுள் மரக்காம்பைச் செருகுவது மூன்றாவது. நீண்ட காம்பு வேண்டிய வேலைக்கு இது ஏற்றது.

முழுவால் கொண்டதே உறுதியில் முதன்மையானது. மரம் வெடித்துப் போனாலும் அலகு கையை விட்டுப் போகாது. ஆனால் எடை கூடும், விலையும் கூடும், இரும்பின் ஓரம் உள்ளங்கையில் படுவதால் வெயிலில் சுடும். ஊசிவாலைத் தாழ்ந்ததென்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் கூடாது. 1942ஆம் வருஷத்தில் அமெரிக்கக் கடற்படையின் போர்வீரர்களுக்கென ஏற்றுக்கொள்ளப்பட்டுப் பிற்காலத்தில் கா-பார் என்ற பெயரால் பிரசித்தி பெற்ற 7 அங்குலக் கத்தி ஊசிவால் உடையதே. தோல் வட்டங்களை அடுக்கிய அதன் பிடியின் ஊடே வால் கடைசி வரை சென்று, முனையிலுள்ள இரும்புக் குமிழில் இறுகியிருக்கும். பெட்டிகளை உடைக்கவும், புதர்களைக் கழிக்கவும், குழி தோண்டவும் அது பயன்பட்டது. வால் குறுகியிருப்பது குற்றமன்று. பாதியில் நின்றுவிடுவதும், அலகோடு சேருமிடத்தில் திடீரென்று குறுகுவதுமே குற்றம்.

இதன் காரணம் எளிதில் விளங்கக்கூடியது. வெட்டும்போது வாயில் விழும் அதிர்ச்சி முழுவதும் அலகும் வாலும் கூடுமிடத்தில் வந்து சேருகிறது. அவ்விடத்தில் தகட்டின் கனம் மாறாமல் அகலத்தை மட்டும் பாதியாகக் குறைத்தால் வலிமை பாதியாகக் குறைவதில்லை, காற்பங்காகக் குறைகிறது. ஒன்றரை அங்குல அகலமிருக்க வேண்டிய இடத்தை முக்கால் அங்குலமாக்கி விற்பவர் இரும்பில் மிச்சம் பிடித்தது அற்பம். உறுதியில் இழந்தது முக்கால் பங்கு. இதனுடன் அந்த மூலை சதுரமாக வெட்டப்பட்டிருந்தால் அதிர்ச்சி மூலையிலேயே குவிந்து, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பொன்று தொடங்கி, சில மாதங்களுக்குப் பின் எதிர்பாராத வேளையில் ஒடிந்துவிடும். மூலை வளைவாக, குடத்தின் கழுத்தைப் போல் இறங்கி வருதல் வேண்டும்.

சந்தைச் சரக்கில் மற்றொரு மோசமும் காணப்படுகிறது. வாலுக்கென எஃகைச் செலவிடாமல், அலகின் அடியில் சாதாரண இரும்புக் கம்பியொன்றைப் பற்றவைத்து, பற்று தெரியாதபடி பூணை ஏற்றிவிடுகிறார்கள். பற்றவைத்த இடத்தை அடுத்த எஃகு சூடேறித் தண்ணென்று ஆறும்போது கண்ணாடியைப் போல் நொறுங்குந் தன்மையை அடைகிறது. பூண் இருக்கும்வரை இது வெளியே தெரியாது.

இவற்றிலிருந்து தப்புவதற்கு ஒரு சுலபமான உபாயம் உண்டு. பிடி போட்ட அரிவாளை வாங்காமல், பிடி போடாத அலகை வாங்குவதே அது. வாலின் நீளம், அகலம், மூலையின் வளைவு, பற்று இருக்கிறதா இல்லையா என்ற எல்லாம் அப்போது கண்ணெதிரே தெரியும். பிறகு பிடியைக் கொல்லரைக் கொண்டோ தச்சரைக் கொண்டோ தம் கண் முன்பாகவே போடச் செய்யலாம். தவிர, பிடிப்பவரின் கையளவுக்குப் பிடியைச் செதுக்கவும் இதனால் வசதி ஏற்படுகிறது. பெண்டிர் பிடிக்கும் அரிவாளுக்கும் ஆடவர் பிடிக்கும் அரிவாளுக்கும் ஒரே பருமனில் பிடி போடுவது தவறு.

பிடிக்குக் கருவேலின் வைரம், புளியின் வைரம், பூவரசு ஆகியவை நல்லவை. மரம் ஒரு கோடையாவது நிழலில் உலர்ந்திருத்தல் அவசியம். பச்சை மரத்தில் போட்ட பிடி பங்குனி வெயிலில் சுருங்கி, பூணும் ஆடி, வாலும் ஆடும். மரத்தின் இழை பிடியின் நீளத்துக்கு நேராக ஓட வேண்டும். குறுக்காக ஓடினால் முதல் அடியிலேயே பிளக்கும். பிடியின் வடிவம் உருண்டையாக இராமல் முட்டை வடிவாக இருப்பதே உசிதம். வாய் எப்பக்கம் திரும்பியிருக்கிறதென்பது பாராமலே கைக்குத் தெரியும், வெட்டும்போது சுழலவும் சுழலாது. கடைசியில் சற்றுப் பருத்திருந்தால் வியர்த்த கையிலிருந்து நழுவாது. விரல்களுக்கென்று பள்ளங்கள் வெட்டிய பிடிகள் பார்வைக்கு அழகாயிருக்கும். அவை செதுக்கியவரின் கைக்கே பொருந்தும்.

ஊசிவாலைப் பழுக்கக் காய்ச்சி மரத்தில் எரித்து இறக்குவது பழைய வழக்கம். அளவறிந்து செய்தால் தீங்கில்லை. மிகுதியும் எரித்தால் வாலைச் சுற்றிக் கரி மட்டுமே நின்று, அது பொடிந்தவுடன் பிடி ஆடத் தொடங்கும். மேலும் சூடு அலகுக்கு ஏறித் தோய்ச்சலைக் கெடுக்காதபடி அலகில் ஈரச்சாக்கைச் சுற்றியே இதைச் செய்ய வேண்டும். முக்கால் ஆழம் துளையிட்டு, மீதியை மட்டும் எரித்து இறக்கி, இடைவெளியில் செங்கற்பொடி கலந்த அரக்கை உருக்கி ஊற்றி, முனையை ஒரு தகட்டு வட்டத்தின் மேல் மடக்கியறைவதே நெடுநாள் நிற்கும் முறை. அரக்கு சூட்டில் இளகும் வஸ்துவாதலால் அப்படிப்பட்ட அரிவாளைக் கோடை வெயிலில் டிராக்டரின் மேலோ தகரக் கூரையின் மேலோ போட்டு வைக்கலாகாது.

எஃகு

இரும்போடு கரி சேர்ந்திருக்கும் அளவைப் பொறுத்தே எஃகின் குணம் அமைகிறது. நூற்றில் கால் பங்குக்குக் குறைவாகக் கரியுள்ள பச்சிரும்பு எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் வெட்டுங் கருவிக்கு வேண்டிய கடினத்தை அடையாது. கட்டிட வேலைக் கம்பியிலும் தகட்டிலும் அடித்த அரிவாள்கள் இவ்வினத்தைச் சேர்ந்தவை. முதல் நாளே வாய் மடங்கும். நூற்றில் அரைப் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை கரியுள்ள எஃகே வெட்டரிவாளுக்குத் தகுந்தது. ஒரு பங்குக்கு மேற்பட்டால் கூர்மை நெடுநேரம் நிற்கும்; அதிர்ச்சியைத் தாங்குவது குறையும். அது சவரக்கத்திக்கும் அரத்துக்கும் உரியது.

தென்னாட்டில் பண்டைக் காலத்தில் மூசையிலிட்டு உருக்கிய எஃகு உலகப் பிரசித்தி பெற்றது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் அகழ்ந்தெடுத்த உலைகளும் மூசைகளும் இத்தொழிலின் தொன்மைக்குச் சான்றாகின்றன. பம்பாயிலிருந்து அனுப்பப்பட்ட இவ்வகை எஃகை ‘ஊட்ஸ்’ என்ற பெயரால் 1795இல் லண்டன் ராயல் சங்கத்தில் ஜார்ஜ் பியர்சன் ஆராய்ந்து விவரித்தார். 1819 முதல் மைக்கேல் ஃபாரடேயும் இதை ஆராய்ந்தார். ஆனால் அவ்வெஃகில் கரி நூற்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தது. சிறிது சூடு மிகுந்தாலும் சம்மட்டியின் கீழ் நொறுங்கிவிடும். வாளுக்கு அது பெருமை; கருவேல முடிச்சை வெட்டும் அரிவாளுக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. பழமையின் பெருமையை எண்ணி அதையே தேடுவது வீண்.

இக்காலத்தில் கொல்லர்கள் பெரும்பாலும் உபயோகிப்பது லாரி, பஸ் முதலியவற்றின் வில்பட்டையேயாகும். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி முதலாக, அரிவாளுக்குப் பேர்போன ஊர்களில் இப்பட்டையே பட்டறைக்கு வருகிறது. இதில் கரி நூற்றில் சுமார் அரைப் பங்கிலிருந்து அறுபது சதம் வரை இருப்பதுடன், சிலிக்கனும் மாங்கனீசும், சில வகைகளில் குரோமியமும் கலந்திருப்பதால், வளைந்து நிமிருந் தன்மை மிகுந்திருக்கிறது. நேபாளத்தார் குக்ரி அடிப்பதும் இதே பட்டையில்தான். வெட்டரிவாளுக்கு இதைவிட நல்ல எஃகு கிராமத்தில் கிடைப்பது அரிது.

ஆனால் பழைய பட்டையில் ஒரு கெடுதி ஒளிந்திருக்கக்கூடும். பல வருஷம் பாரந்தாங்கி அசைந்த பட்டையில் நுண்ணிய வெடிப்புகள் உண்டாகியிருக்கலாம். அடித்து நீட்டிய பின்னும் அவை மறைவதில்லை. இதைக் கண்டுபிடிக்கச் செலவற்ற வழியொன்று உண்டு. துரு நீக்கிய பட்டையின் மேல் மண்ணெண்ணெயைத் தடவி அரைமணி நேரம் வைத்திருந்து, துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்து மெல்லப் பூசி உலரவிடுக. வெடிப்பு இருக்குமானால் அதற்குள் புகுந்திருந்த எண்ணெய் வெளியே கசிந்து, வெள்ளைப் பூச்சின் மேல் கறுத்த கோடாகத் தோன்றும். அத்தகைய பட்டையைக் கடப்பாரை முனைக்கும் உபயோகிக்காமல் கழித்துவிட வேண்டும். சொந்தமாகப் பட்டை வாங்கிக் கொடுத்து அரிவாள் அடிக்கச் சொல்பவர்கள் இச்சோதனையைத் தாங்களே செய்துகொள்ளலாம்.

தோய்ச்சல்

நல்ல எஃகும் தோய்ச்சல் தவறினால் பயனில்லை. அலகைக் காய்ச்சும்போது நிறத்தைக் கொண்டே கொல்லர் சூட்டை மதிப்பிடுகிறார். வெயிலில் அந்நிறம் சரியாகத் தெரியாதாகையால் பட்டறை இருண்டிருப்பது காரணமில்லாமலன்று. நிறத்தோடு காந்தத்தையும் துணைக்கொள்ளலாம். சுமார் 770 டிகிரி சென்டிகிரேடில் எஃகு காந்தத்தால் ஈர்க்கப்படும் குணத்தை இழந்துவிடுகிறது. கம்பியில் கட்டிய காந்தத்துண்டு ஒட்டாமற்போன பின் மேலும் சற்றே சூடேற்றித் தோய்த்தால் போதும். இதற்கு வெகுவாக மிஞ்சிப் பொறி பறக்கும்வரை காய்ச்சினால் எஃகின் பரல்கள் பருத்துவிடும். ஒடிந்த அரிவாளின் வெட்டுமுகத்தைப் பார்த்தால் இது விளங்கும். நல்ல தோய்ச்சல் சாம்பலைப்போல் மென்மையாயிருக்கும், கெட்டது கல்லுப்பைப் போல் பளபளவென்று பரல் பரலாயிருக்கும்.

வில்பட்டையைத் தண்ணீரில் முழுவதும் தோய்ப்பதைவிட எண்ணெயில் தோய்ப்பதே அபாயம் குறைந்தது. தண்ணீரில் வெடிப்பு விழ இடமுண்டு. அனுபவமிக்க கொல்லர் சிலர் வாயின் ஓரத்தை மட்டும் ஓரங்குல அளவுக்குத் தோய்த்து, முதுகிலே நிற்கும் சூடு மெல்ல வாய்ப்பக்கம் இறங்கிவரப் பார்த்திருப்பார்கள். உரைத்து வெண்மையாக்கிய இடத்தில் முதலில் வைக்கோல் மஞ்சளும், பிறகு பழுப்பும், பிறகு ஊதாவும், கடைசியில் நீலமும் ஓடிவரும். மஞ்சள் சுமார் 230 டிகிரிக்கும், ஊதா சுமார் 280 டிகிரிக்கும், நீலம் சுமார் 300 டிகிரிக்கும் அடையாளம். மஞ்சளில் நிறுத்தினால் கூர்மை நிற்கும், ஆனால் முடிச்சில் பட்டால் தெறிக்கும். வெட்டரிவாளுக்கு ஊதாவில் நிறுத்துவதே தக்கது. முதுகு இளகியே இருக்க, வாய் மட்டும் கடினமாகிற இம்முறை மிகச் சிறந்தது. குக்ரி அடிக்கும் நேபாளக் கொல்லர் கெண்டியிலிருந்து வாயின் மேல் மட்டும் தண்ணீரை ஊற்றிச் செல்வதும் இதே கருத்துடன்தான். வாலைத் தோய்க்கவே கூடாது. தோய்த்த வால் கடினமாகும். கடினமான வால் ஒடியும்.

வாங்குமுன் செய்யத்தக்க சோதனைகள்

அலகை நூலில் தொங்கவிட்டுச் சாவியால் தட்டினால் மணிபோல் நீண்டொலிக்க வேண்டும். உடைந்த சட்டியின் ஓசை வெடிப்பைக் காட்டும். புது அரமொன்றை வாயின் ஓரத்தில் மெல்ல ஓட்டிப் பார்க்கலாம். அரம் பற்றாமல் கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கிச் சென்றால் கடினம் மிகுதி. பச்சை மரத்தைச் சீவுவதுபோல் ஆழமாகப் பற்றினால் கடினம் போதாது. சிறிது முயன்று பற்றினால் சரி. முதுகிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அங்கே அரம் எளிதில் பற்றவேண்டும்.

இவற்றிலெல்லாம் நம்பத்தக்கது பித்தளைக் கம்பிச் சோதனையே. பென்சில் பருமனுள்ள பித்தளைக் கம்பியைக் கிடையாக வைத்து, கூர் பிடித்த வாயை அதன்மேல் சற்றுச் சாய்த்து அழுத்திக்கொண்டே இழுத்தால், வாயின் ஓரம் சிறிதளவு வளைந்து கொடுப்பதை வெளிச்சத்தில் காணலாம். கம்பி நீங்கியதும் நிமிர்ந்துகொண்டால் தோய்ச்சல் சரி. வளைந்தபடியே நின்றால் இளக்கம். சில்லு விட்டால் அவ்வரிவாள் வேண்டவே வேண்டாம். கடைசியாக, காய்ந்த மூங்கில் கணுவிலோ புளியங்கொம்பிலோ இருபது வெட்டு வெட்டி, வாயை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்க்கவேண்டும். கேடில்லாத வாய் ஒளியைத் திருப்பாது. மழுங்கிய இடமும் தெறித்த இடமும் வெள்ளைப் புள்ளியாக மின்னும். சோதிக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி அணிவதும், எதிரே யாரும் நில்லாதபடி பார்த்துக்கொள்வதும் அவசியம். தம் வேலையில் நம்பிக்கையுள்ள கொல்லர் இச்சோதனைகளுக்கு முகஞ்சுளிக்கமாட்டார்.

அளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. பொது வேலைக்கு 10 முதல் 12 அங்குல அலகும், அடியில் 5 அல்லது 6 மில்லிமீட்டர் முதுகுக் கனமும் போதும். கனம் நுனியை நோக்கிக் குறைந்துகொண்டே போகவேண்டும். அடி முதல் நுனி வரை ஒரே கனமாயிருப்பது அடித்துச் செய்யாமல் பட்டையை அறுத்துச் செய்ததற்கு அடையாளம். கனத்த அரிவாள் நன்றாக வெட்டும் என்பது பாதி உண்மையே. காலையில் நன்றாக வெட்டும், பிற்பகலில் களைத்த கையில் குறி தவறும்.

கடைகளில் விற்கும் பகட்டுக் கத்திகள்

இராணுவக் கத்தி என்றும் காட்டுக் கத்தி என்றும் பெயரிட்டுக் கறுப்புப் பூச்சுடன் வரும் கத்திகளை இப்போது தபால் மூலமாகவும் தருவித்து வாங்குகிறார்கள். இவற்றுள் நல்லவையும் உண்டு. ஆனால் முதுகில் ரம்பப்பல் வெட்டியவற்றை விலக்குக. அப்பல்லால் ஈர மரத்தை அறுக்க முடியாது. ஒவ்வொரு பல்லின் அடியும் வெடிப்புத் தொடங்குமிடமாகும். முதுகில் தட்டி மரத்தைப் பிளக்கவும் அது இடங்கொடாது. தீக்குச்சியும் தூண்டிலும் வைப்பதற்கென்று பிடி குழலாயிருப்பவை அதைவிட மோசம். அவற்றுட் பெரும்பாலானவற்றில் அலகு ஓரங்குல மூக்கினால் மட்டுமே பிடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். துருவேறா எஃகு என்பதும் ஒரு கவர்ச்சி. இதில் குரோமியம் நூற்றுக்குச் சுமார் 11 பங்குக்கு மேல் இருப்பதால் துரு பிடிப்பது குறைகிறது. மீன் அரியவும் காய் நறுக்கவும் அது மிக நல்லது. ஆனால் அதன் தோய்ச்சலுக்குத் திட்டமான சூளை வேண்டும். வாய் போனால் கிராமப் பட்டறையில் மறுபடி அடித்துத் தோய்க்க முடியாது. நீண்டு ஓங்கி வெட்டும் கருவிக்குக் கரியெஃகே மேல்.

கூர் பிடித்தலும் காப்பும்

வெட்டரிவாளின் இருபுறச் சரிவும் சேர்ந்து 30 டிகிரிக்கும் 40 டிகிரிக்கும் இடையில் இருக்கலாம். அதைவிட மெலிந்தால் முதல் நாள் மட்டும் சந்தோஷம். மின்சாரச் சாணையில் கொடுப்பவர்கள் வாயோரம் நீலம் பாய்கிறதா என்று பக்கத்திலிருந்தே கவனிக்க வேண்டும். நீலம் பாய்ந்த இடத்தில் தோய்ச்சல் போய்விட்டது. அது கொல்லர் ஒரு நாள் உழைத்ததை அரை நிமிஷத்தில் அழிப்பதாகும். சாணையில் இரண்டு மூன்று தரம் ஓட்டியவுடன் தண்ணீரில் நனைத்தல் வேண்டும். வீட்டில் நாள்தோறும் அரத்தாலும் கல்லாலும் தீட்டிக்கொள்பவருக்குச் சாணைக்குப் போகும் அவசியமே வருஷத்தில் ஒருமுறைக்கு மேல் நேராது.

வாழைச்சாறும் மரப்பாலும் இரும்பை அரிக்கும். மாலையில் கழுவித் துடைத்து, வேப்பெண்ணெய் அல்லது புங்கெண்ணெய் தடவி வைக்க வேண்டும். தேங்காய், இளநீர் வெட்டுவதற்குத் தேங்காயெண்ணெயே தடவலாம். தோலுறையிலேயே வைத்துப் பூட்டிவிடுவது தவறு. பதனிட்ட தோலிலுள்ள உப்பும் ஈரமும் துருவை வளர்க்கும். பனையேறிகள் இடுப்பில் கட்டும் அரிவாட்பெட்டியைப் போன்ற காற்றோட்டமுள்ள உறையே நல்லது. வேலைக்குப் போகும்போது அரிவாளை வெறுமனே முதுகுப்புறம் வேட்டியில் செருகிக்கொள்வது பல இடங்களில் வழக்கம். வரப்பில் வழுக்கி விழுபவர் அதன்மேலேயே விழுகிறார். இருசக்கர வண்டியில் இவ்விதம் போவது இன்னும் அபாயம். வெட்டுக்காயம் பட்டால் சுத்தமான துணியை வைத்து இறுக அழுத்தி இரத்தத்தை நிறுத்தி, ஆஸ்பத்திரிக்குப் போய் ரணஜன்னித் தடுப்பூசியும் போட்டுக்கொள்ள வேண்டும். காயத்தில் மண்ணையும் சாணத்தையும் வைப்பது அந்நோயைத் தாமே வரவழைப்பதற்கு ஒப்பாகும்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்பதற்குக் கூறியுள்ள விளக்கம், வீட்டு உபயோகத்துக்காகவோ விவசாயத்துக்காகவோ மட்டும் அமைந்த பொருள்களை விலக்கியிருக்கிறது. ஆகவே உழவருடைய வெட்டரிவாளும் கதிரரிவாளும் இச்சட்டத்தின்படி ஆயுதமாகா. தாக்குவதற்கென்று நீட்டி அடித்த வீச்சரிவாளுக்கும், இருபுறமும் கூர் வைத்த குத்துக்கத்திக்கும் இவ்விலக்கு உதவாது. 2021இல் தமிழ்நாட்டுக் காவல்துறையினர் அரிவாள் வாங்குவோரின் பெயரையும் முகவரியையும் குறித்துவைக்கும்படி பட்டறைக்காரர்களுக்கு அறிவுறுத்தினர். பட்டறையில் கேட்டால் விவரம் கொடுப்பதில் குடியானவருக்கு நஷ்டமொன்றுமில்லை. வேலைக்கு வேண்டிய அளவுக்கு மேல் நீளமான அலகைக் கேட்காமலிருப்பது கொல்லருக்கும் நன்மை. திருவிழாவுக்குப் போகும்போது அரிவாளை வண்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டுப் பின்னர் விவசாயக் கருவி என்று வாதாடுவதில் பயனில்லை.

2018ஆம் வருஷம் நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னைகள் தோப்புத் தோப்பாய்ச் சாய்ந்தன. பாதைகள் அடைபட்டன; மின்சாரம் பல இடங்களில் பல நாள் இல்லை. இத்தகைய வேளையில் மோட்டார் ரம்பம் எல்லா ஊருக்கும் உடனே வந்து சேராது. வந்தாலும் கிளையையும் மட்டையையும் கழித்துக் கொடுக்க அரிவாளே வேண்டியிருக்கும். பதற்றத்தில், ஈரக் கையோடு, இருட்டில், முறுக்கேறிக் கிடக்கும் மரங்களை வெட்டும்போதுதான் ஆடும் பிடியும் வெடித்த வாலும் தம் குணத்தைக் காட்டும். ஆதலால் கடலோர ஊராட்சிகள் முழுவால் கொண்ட வெட்டரிவாள் நான்கும், கோடரி இரண்டும், அரம் ஒன்றும், சாணைக்கல் ஒன்றும் தனியே ஒரு பெட்டியில் வைத்திருத்தல் நலம். புரட்டாசி பிறந்ததும் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றின் பூணையும் கையால் முறுக்கிப் பார்த்து, ஆடுவதை அன்றைக்கே பட்டறைக்கு அனுப்பி, மற்றவற்றுக்கு எண்ணெய் தடவி மீண்டும் வைக்க வேண்டும்.